தேசவழமையில் முதுசக் காணி விற்பனையும் அறிவித்தல் முறையும்

1. முன்னுரை

தாய் தந்தையர் மறைந்தபின் அவர் விட்டுச் சென்ற காணியையும் மனையையும் மக்கள் விற்றுப் பொருளைப் பகிர்ந்துகொள்ளுதல் எக்காலத்தும் நிகழ்வது. அவ்விடத்து எழும் வினாக்கள் இரண்டு. விற்பதற்கு உரியவர் யாவர் என்பது ஒன்று. விற்பதற்கு முன் யாவர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. வழக்கு நூல்களும் நீதிமன்றத் தீர்ப்புகளும் முதல் வினாவையே விரித்துரைக்கின்றன. இரண்டாவது வினா நடைமுறை பற்றிய சிறு செய்தி என ஒதுக்கப்பட்டு விடுகின்றது. ஆயினும், உடன்பிறந்தார் தம்முள் மனம் முறிந்து பிரியுமிடத்தை நோக்கின், பங்கின் அளவு பற்றிய பிணக்கைக் காட்டிலும், ‘எனக்கு ஒரு சொல் சொல்லாது விற்றனர்’ என்னும் மனக்குறையே ஆழமாகவும் நெடிதாகவும் நிற்றலைக் காணலாம்.

இவ்விரண்டாவது வினாவை முதன்மையாக வைத்து விதி செய்த தமிழர் வழக்கு ஒன்று உண்டு. அஃது யாழ்ப்பாணத்துத் தேசவழமை. பிறன் ஒருவனுக்குக் காணி விற்கப்படுமாயின் உரிமையுடையார் அதனைத் தாமே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம் என்றும், அவர் இருக்கும் தொலைவுக்கேற்ப அக்கேள்விக்குரிய காலம் நீளும் என்றும் அந்நூல் கூறுகின்றது. சட்ட நூலார் இதனை ‘முற்கொள்வனவு உரிமை’ என்பர். இவ்வுரிமையின் உயிர்நிலை வாங்குதலில் அன்று, அறிவித்தலில் உள்ளது என்பதும், பிற்காலச் சட்டங்கள் உரிமையைப் போற்றி வைத்தும் அறிவித்தலை முழுமையாகக் காக்கவில்லை என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்துகளாம்.

2. நூல் தோன்றிய வரலாறு

யாழ்ப்பாணம் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஒல்லாந்தர் தம் நாட்டு உரோம-ஒல்லாந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தனராயினும், குடும்பச் சொத்து, மணம், ஈடு, விற்பனை முதலியவற்றில் உள்நாட்டு வழக்கையே பின்பற்ற வேண்டியவராயினர். அவ்வழக்கோ எழுத்தில் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் ஊர்ப் பெரியோரைக் கேட்டே தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது. ஆகவே, தேசாதிபதி கோர்னேலிசு யோன் சைமன்சு என்பாரின் ஆணைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாய் நெடுங்காலம் பணியாற்றிய கிளாசு ஐசாக்சு என்பவர் இவ்வழமைகளைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். ஒல்லாந்த மொழியில் அமைந்த அத்தொகுப்பை யான் பீரூசு என்பவர் தமிழிற் பெயர்த்தார். அப்பெயர்ப்பு முதலிமார் பன்னிருவர் முன் வைக்கப்பட்டு அவர்தம் உடன்பாட்டையும் பெற்றது.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. தேசவழமை ஓர் அரசன் இயற்றிய சட்டமும் அன்று. ஒரு முனிவர் பெயரால் வழங்கும் நூலும் அன்று. நடைமுறையில் இருந்ததை அயலான் ஒருவன் கண்டெழுத, அந்நாட்டார் ‘ஆம், இதுவே எம் வழக்கு’ என ஏற்றுக்கொண்டது. எனவே அதனுள் வரும் ‘முன்னர் இவ்வாறு இருந்தது, இப்பொழுது இவ்வாறு நடக்கின்றது’ என்னும் குறிப்புகள் வழக்கின் படிநிலை வளர்ச்சியைக் காட்டும் சான்றுகளாகின்றன. நாம் ஆராயப் புகுந்த விதியும் அத்தகையதொரு குறிப்பிலேயே காணப்படுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின், 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமை சட்ட வலுப் பெற்றது. பின்னர் முத்துக்கிருட்டிணர் 1862இல் அதனைத் தீர்ப்புகளுடன் ஆங்கிலத்தில் பதிப்பித்தார்.

தேசவழமையைப் பொற்கால நூலாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதையும் இங்கே கூறிவிடல் வேண்டும். மாந்தரை அடிமைகளாக்கி, அவரையும் சொத்தோடு சேர்த்து எண்ணிய காலத்து நூல் அது. அடிமைகள் பற்றிய பகுதி ஒன்றும் அதன்கண் உண்டு. இலங்கையில் அடிமை முறை 1844இல் ஒழிக்கப்பட்டது. நூலின் ஒரு விதியைப் போற்றுவதால் நூல் முழுவதையும் போற்றியவர் ஆகோம்.

3. பெற்றோர் சொத்து மக்களைச் சேரும் முறை

விற்பனையை ஆராயுமுன் சொத்து யாரிடம் எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதை அறிதல் வேண்டும். தேசவழமை குடும்பச் சொத்தை மூவகையாகப் பகுக்கும். கணவன் தன் பெற்றோர் வழியாகக் கொண்டுவந்தது முதுசம். மனைவி மணக்கொடையாகக் கொண்டுவந்தது சீதனம். இருவரும் இல்லறம் நடத்துங்கால் ஈட்டியது தேடியதேட்டம். பழைய நெறிப்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களையும், தாயின் சீதனம் பெண்மக்களையும் நோக்கிச் செல்வது. காலப்போக்கில் இவ்வேறுபாடு மங்கி, மூவகைச் சொத்திலிருந்தும் மகளிர்க்குச் சீதனம் கொடுக்கும் வழக்கம் வந்துவிட்டது என்று நூலே கூறுகின்றது. சீதனம் பெற்று மணந்த மகள் அதனோடு அமைதல் வேண்டும். பெற்றோர் விட்ட எஞ்சிய சொத்தில் உடன்பிறந்த ஆண்மக்களோடு அவள் பங்கு கேட்டல் இயலாது.

பெற்றோர் உயிருடன் இருக்குந்துணையும் ஆண்மக்கள் எதனையும் கேட்டல் ஆகாது என்பது மற்றொரு நெறி. தாம் ஈட்டியதையும் அவர்கள் பொதுச் சொத்திற் சேர்த்தல் வேண்டும். தந்தை முன்னர் இறப்பின், தாய் மக்களைப் பேணி வளர்க்குங்காலம் சொத்து முழுவதும் அவள் கையிலேயே நிற்கும். பெண்மக்களுக்குச் சீதனம் கொடுத்து மணம் செய்விக்கும் கடமை அவளுடையது. அவள் வாழுங்காலத்து ஆண்மக்கள் தம் பங்கைக் கேட்டுப் பிரித்தல் இல்லை. அவள் மறுமணம் செய்துகொள்வாளாயின், தந்தை கொண்டுவந்த சொத்தையும் தேடியதேட்டத்திற் பாதியையும் மக்கட்கு ஒப்புவித்தல் வேண்டும். ஆகவே தந்தை மறைந்த அன்றே மக்கள் காணியை விலை கூறி விற்கும் நிலை பழைய வழக்கில் இல்லை. பெற்றோர் இருவரும் மறைந்த பின்னரே மக்கள் தம்முள் முழுமையான உரிமையாளர் ஆயினர். பெற்றோர் பட்ட கடனும் அவர்தம் பொறுப்பாயிற்று.

அந்நிலையிலும் காணி உடனே கூறுபடுவதில்லை. நால்வர் மக்களாயின் நால்வரும் காணியின் ஒவ்வோர் அடியிலும் பங்குடையர். இன்ன மூலை இன்னார்க்கு என்னும் வரையறை பிரிவினை நிகழ்ந்த பின்னரே உண்டாகும். அதுவரை ஒருவர் விற்கக்கூடியது நிலத்தின் ஒரு துண்டையன்று, பிரிக்கப்படாத பங்கொன்றையே. அப்பங்கை வாங்கும் அயலார், மறைந்தவரின் மற்றைய மக்களோடு ஒரே கிணற்றிலும் ஒரே வழியிலும் ஒரே வேலிக்குள்ளும் பங்காளராக வந்து நிற்பார். பங்கு விற்பனை உடன்பிறந்தார் அனைவரையும் தாக்கும் செயலாவது இதனாலேயே. அறிவித்தல் விதியின் தேவை இந்நிலத்தியல்பிலிருந்தே பிறக்கின்றது.

4. அறிவித்தல் விதி

விற்றல் பற்றிய பகுதியில் தேசவழமை கூறுவதன் சுருக்கம் வருமாறு. முற்காலத்தில் ஒருவன் தன் காணியை, உரிமைக்காரர்க்கும் பங்காளர்க்கும், அக்காணியை ஈடாகக் கொண்டிருக்கும் அயற்காணிக்காரர்க்கும் முன்னறிவித்தல் கொடாது பிறனுக்கு விற்பானாயின், அவர்கள் அதனைத் தாமே வாங்கிக்கொள்ளும் முதன்மையைக் கேட்க உரிமையுடையர். அதற்குக் காலவரையும் உண்டு. அவ்வூரிலேயே வாழ்வோர்க்கு 1 மாதம். அதே மாகாணத்தில் வேற்றூரில் வாழ்வோர்க்கு 3 மாதம். வேறு மாகாணத்தில் வாழ்வோர்க்கு 6 மாதம். வேறு நாட்டில் வாழ்வோர்க்கு 1 ஆண்டு. அக்காலம் கடந்தும் உரியோர் முயலாவிடின் விற்பனை நிலைபெறும்.

இக்காலப் பகுப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. உரிமையின் அளவு எல்லோர்க்கும் ஒன்றே. காலத்தின் அளவே வேறுபடுகின்றது. எதனால் வேறுபடுகின்றது? உறவின் நெருக்கத்தாலோ பங்கின் பெருமையாலோ அன்று. இருக்குமிடத்தின் தொலைவால் மட்டுமே. ஒரு செய்தி நடந்தும் வண்டியிலும் தோணியிலும் சென்று ஒருவனை அடைந்து, அவன் பணம் திரட்டிக்கொண்டு திரும்பி வருதற்கு எத்துணைக் காலம் செல்லுமோ அத்துணைக் காலத்தை விதி அளந்து தருகின்றது. கடல் கடந்து சென்றவனும் தந்தையின் காணிக்கு அயலான் ஆகிவிடுவதில்லை. அவன் திரும்பும் வழியை ஓராண்டுவரை அடைத்தலாகாது என்பதே இதன் கருத்து. வணிகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் மக்கள் கடல் கடந்து சென்றுவந்த ஒரு தீபகற்பத்தில் இத்தகைய விதி தோன்றியது வியப்பன்று.

மேலும், இவ்வுரிமை முன்னறிவித்தல் இல்லாத விற்பனையிலேயே கிளைக்கின்றது என்பதை நோக்குக. முறையாக அறிவித்து, உரியோர் வாங்க விரும்பாதபோது விற்றவன்மேல் குறை கூறுதற்கு இடமில்லை. ஆகவே காணியைக் குடும்பத்துள்ளேயே என்றும் கட்டிவைத்தல் இவ்விதியின் நோக்கமாகாது. விற்க உரிமை உண்டு. சொல்லாது விற்க உரிமை இல்லை.

ஐசாக்சு தொகுத்த காலத்தில் இம்முறை மாறிவிட்டது. ஒல்லாந்த ஆட்சியாளர் அவ்வப்போது பிறப்பித்த ஆணைகளின்படி, காணி விற்கக் கருதுவோர் அக்கருத்தைத் தாம் சார்ந்த கோவிற்பற்றின் தேவாலயத்தில் அடுத்தடுத்து 3 ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிப்படுத்தல் வேண்டும் என ஏற்பட்டது. முதன்மை கேட்போர் அக்காலத்துள் முன்வருதல் வேண்டும். சீர்திருத்தக் கிறித்தவ மரபில் மண அறிவிப்பு 3 ஞாயிறு கூறப்படுவது போன்றதே இம்முறை. இம்மாற்றத்தால் இரு விளைவுகள் உண்டாயின. அறிவித்தல் விற்பனைக்கு முற்பட்ட கட்டாயச் செயலாயிற்று; இஃது ஆக்கம். ஆனால் தொலைவுக்கேற்ற காலம் மறைந்து, ஊரில் உள்ளார்க்கும் கடல் கடந்தார்க்கும் மூன்று வாரமே எல்லையாயிற்று, இஃது இழப்பு. தேவாலயத்தில் எழுந்த குரல் ஊரெல்லையைத் தாண்டிச் செல்லுமோ என்னும் வினாவுக்கு அவ்வாணைகளில் விடையில்லை.

5. ஒப்புமையும் மூலமும்

இவ்விதி எங்கிருந்து வந்தது? அறிஞர் நோக்கக்கூடிய மூலங்கள் நான்கு.

முதலாவது இசுலாமியச் சட்டத்தின் ‘ஷுஃபா’. இந்தியாவில் முற்கொள்வனவு உரிமையின் தோற்றத்தை இதனோடு இணைத்தே நீதிமன்றங்கள் பேசின. ஆயின் ஷுஃபாவில் உரிமை பெறுவோர் உடன்பங்காளர், வழி நீர் முதலிய வசதிகளிற் பங்குடையார், அயற்காணிக்காரர் என்னும் மூவர். குருதி உறவால் வரும் உரிமைக்காரர் என்னும் நிலையிலேயே ஒருவர் அங்குக் கேட்டல் இயலாது. ஈடு கொண்டவர்க்கும் இடமில்லை. மேலும், விற்பனைச் செய்தி செவியிற் பட்ட அக்கணமே கேட்டல் வேண்டும் என்பதும், தாழ்ப்பின் உரிமை கெடும் என்பதும் ஷுஃபாவின் இயல்பு. ஓராண்டு காத்திருக்கும் தேசவழமையோ இதற்கு நேர்மாறானது.

இரண்டாவது ஒல்லாந்தர் நாட்டில் வழங்கிய ‘நாசுடிங்’ என்னும் மீட்புரிமை. விற்கப்பட்ட குடும்ப நிலத்தை உறவினர் விலை கொடுத்து மீட்டுக்கொள்ளுதல் அதன் இயல்பு. தொகுத்தவர் ஒல்லாந்தர் ஆதலின் அதன் சாயல் எழுத்தில் வீழ்ந்திருக்கலாம் என்பது கருதற்குரியதே. ஆனால் ஒல்லாந்த ஆணைகளுக்கு முற்பட்ட வழக்கு எனத் தொகுத்தவரே இதனைப் பிரித்துக் காட்டுகின்றார். தம் நாட்டு வழக்கே இதுவாயின் அதனை ‘முற்காலத்து முறை’ எனக் கூறித் தம் அரசின் ஆணையால் அது மாறியது என்று எழுத வேண்டுவதில்லை.

மூன்றாவது மலையாள நாட்டு வழக்கு. ஒற்றி கொண்டவர் அந்நிலம் விற்கப்படுங்கால் முதலில் வாங்கும் உரிமையுடையர் என்பது மலபாரின் நிலவழக்கு. சென்னை நீதிமன்றமும் அதனை ஏற்றது. யாழ்ப்பாணத்திலும் ஈட்டு முறைக்கு ஒற்றி என்னும் பெயரே வழங்குவதையும், தேசவழமை ஈடு கொண்ட அயலாரைத் தனியே சுட்டுவதையும் சேர்த்து நோக்கின், இவ்விரு நாட்டு வழக்குகளும் ஒரு வேரின என்பதற்கு வலுவான குறிப்புக் கிடைக்கின்றது.

நான்காவது வடமொழி நூல்கள். கௌடிலியரின் அர்த்தசாத்திரம், நிலத்தை வாங்குதற்குச் சுற்றத்தார், அயலார், கடன் கொடுத்தார் என்போர் இவ்வரிசையில் முதன்மையுடையர் என்று கூறும். வீடும் நிலமும் விற்கப்படுங்கால் அயற்குடியினர் முன்னிலையில் எல்லைகளை எடுத்துரைத்து, ‘இவ்விலைக்கு வாங்குவார் யார்’ என மும்முறை கூறல் வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கும். தேசவழமையின் உரிமைக்காரர், பங்காளர், ஈடுகொண்ட அயற்காணிக்காரர் என்னும் நிரல் இவ்வரிசையோடு ஒத்து நிற்றல் வெளிப்படை. விஞ்ஞானேசுவரர் தம் மிதாட்சரத்தில் எடுத்துக்காட்டும் ஒரு பழைய நெறியும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஊரார், சுற்றத்தார், அயலார், தாயத்தார் ஆகியோரின் உடன்பாடு நான்கும், பொன்னும் நீரும் வார்த்தல் இரண்டும் ஆக ஆறினால் நிலம் கைமாறும் என்பது அந்நெறி. உரைகாரர் இவற்றுக்குக் கூறும் காரணமே நமக்கு முதன்மையானது. ஊரார் உடன்பாடு செயலை வெளிப்படுத்தற்கு. அயலார் உடன்பாடு எல்லைப் பிணக்கைத் தவிர்த்தற்கு. சுற்றத்தார் உடன்பாடு, பாகம் பிரிந்ததோ பிரியாததோ என்னும் ஐயம் பின்னர் எழாமைப் பொருட்டு. அவர் உடன்படாமற் போயின் விற்பனை செல்லாது என்பது இதன் பொருளன்று. அறியச் செய்தலே பொருள்.

ஒப்புமை ஒன்றே கொண்டு இது அதிலிருந்து வந்தது என முடிவு கட்டல் ஆய்வு நெறியன்று. ஆனால் இந்நான்கனுள் முன்னிரண்டு உறுப்புகளிலேயே வேறுபட, பின்னிரண்டு உறுப்பிலும் நோக்கத்திலும் ஒன்றுபடுகின்றன. தென்னாட்டு நிலவழக்கில் அயலார் அறிய விற்றல் என்பது தொன்மையான நெறி. அதன் ஒரு கிளை யாழ்ப்பாணத்தில் எழுத்திற் பதிந்து பிழைத்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

6. யாழ்ப்பாணத்தில் பிற்கால மாற்றங்கள்

ஆங்கிலேயர் காலத்து 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நில விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சியரோடு கையெழுத்திட்ட உறுதியால் நிகழ்ந்தாலன்றிச் செல்லாது என்றது. மோசடியைத் தடுத்தலே அதன் நோக்கம். அது பெருநன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் விற்பனையின் இடம் இதனால் மாறிற்று. ஊர் நடுவில் குரலாக இருந்தது, ஓர் அறையினுள் எழுத்தாயிற்று. உறுதி எழுதிய மறுநாளும் பங்காளர் அதனை அறியாது இருத்தல் கூடும். முற்கொள்வனவு உரிமை தேசவழமையின் பகுதியாக நின்றமையால், அறிவித்தல் போதியதா, எவ்வளவு காலம் தருதல் வேண்டும் என்பன நீதிமன்றங்களில் வழக்குதோறும் ஆராயப்படுவன ஆயின.

1911ஆம் ஆண்டு 1ஆம் இலக்க யாழ்ப்பாண மணவுரிமை மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொத்து வகைகளைப் புதிதாக வரையறுத்தது. பெற்றோர் முதலிய முன்னோர் வழி வந்தது முதுசம் என்றும், பிற உறவினர் வழி வந்தது உரிமை என்றும் வகுத்தது. மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூல இசைவின்றிக் கைமாற்றல் இயலாது என்றும் விதித்தது. தாய் தந்தையர் காணியில் பங்குபெற்ற மகள், விற்பனைக்கு உடன்பட்டாலும் அவள் கையெழுத்து மட்டும் போதாதாயிற்று. உடன்பிறந்தார் அனைவரையும் கேட்டல் வேண்டும் என்னும் நெறி வாழ்ந்த நாட்டிலேயே, ஒருத்தியின் சொல் தனித்து நிற்க இயலாத நிலையும் இருந்தமை வரலாற்றின் முரண்.

1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைச் சுருக்கியது. விற்கக் கருதுவோருடன் அக்காணியில் உடன்பங்குடையார் ஒருசாரார். விற்போர் மரணசாசனம் இன்றி இறப்பின் அவருக்கு உரிமைக்காரர் ஆகக்கூடியவர் மற்றொரு சாரார். இவ்விருவர்க்கே உரிமை என்றது. ஈடு கொண்ட அயலார் நீங்கினர். இச்சுருக்கத்தால் கௌடிலியர் காலந்தொட்டு வந்த மூன்று வகையினருள் குருதியும் பங்கும் உடையவரே எஞ்சினர்.

மறைந்த பெற்றோரின் காணிக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். காணி பிரிக்கப்படாது இருக்குமாயின் உடன்பிறந்தார் அனைவரும் உடன்பங்குடையார். ஆகவே எல்லோர்க்கும் அறிவித்தல் வேண்டும். பிரிவினை முடிந்து ஒவ்வொருவரும் தத்தம் துண்டைப் பெற்றபின், மக்களுடைய அண்ணன் தன் துண்டை விற்பானாயின், அவனுக்கு உரிமைக்காரர் அவன் மக்களே ஆதலின் தம்பி தங்கையர்க்குக் கேட்கும் உரிமை இல்லை. எனவே பிரிவினை உறுதி எழுதும் நாள், நிலம் பிரியும் நாள் மட்டும் அன்று. ஒருவர்க்கொருவர் சொல்லவேண்டும் என்னும் சட்டக் கடமை முடியும் நாளும் ஆகும்.

1983ஆம் ஆண்டின் பின் நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும் இவ்விதியின் பழைய வடிவத்தை நினைப்பிக்கின்றன. ஒரு தாயின் மக்களுள் ஒருவர் ஊரிலும், ஒருவர் கொழும்பிலும், மற்றையோர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்தல் பொது நிலையாயிற்று. அற்றோர்ணித் தத்துவம் கொடுத்து ஊரிலுள்ளார் வழியாக விற்றல் பெருகிற்று. அறிய இயலாதார்க்குக் காலத்தை நீட்டித் தருதல் என்னும் கருத்தை வேறொரு சட்டத்தில் மீண்டும் காண்கின்றோம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் உரிமையை நாட இயலாதிருந்தார்க்கு, அக்காலம் எதிரிடையாகக் கணக்கிடப்படாதவாறு செய்தது. அது முற்கொள்வனவு பற்றியதன்று. எனினும் தொலைவில் நின்றவனின் காலம் வேறு என்னும் பழைய நீதி அதனுள்ளும் உறைகின்றது.

7. தமிழகத்தின் நிலை

இனித் தமிழகத்தை நோக்குவோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவிலை ஆவணங்கள் நாற்பாலெல்லையும் விரித்துக் கூறுதலும், ஆவணக்களரி என்னும் இடம் பேசப்படுதலும், விற்பனை பலரறிய நிகழ்ந்தமையைக் காட்டும். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் முற்கொள்வனவு உரிமையை இங்குள்ள நீதிமன்றம் ஏற்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் 1870இல், இசுலாமியரிடையே எழுந்த வழக்கொன்றில், இவ்வுரிமை நீதிக்கும் நடுநிலைக்கும் நன்மனச்சான்றுக்கும் ஒவ்வாதது எனத் தள்ளியது. ஆகவே பாக்கு நீரிணையின் ஒரு கரையில் சட்டமாக நின்றது மறுகரையில் இல்லாதாயிற்று.

பின்னர் வந்த சட்டங்கள் இதனை வேறு வாயில்களால் மீட்டன. 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய பிறர் பாகம் கேட்டு வழக்கிடின், குடும்பத்தார் அப்பங்கை மதிப்பு விலைக்கு வாங்கிக்கொள்ள வழி செய்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, மரணசாசனம் இன்றி இறந்தவரின் அசையாச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகள் பலரை அடைந்து, அவருள் ஒருவர் தம் பங்கைக் கைமாற்றக் கருதின், மற்றையோர்க்கு முதன்மை உரிமை உண்டு என்றது. விலையில் இணக்கம் இல்லையாயின் நீதிமன்றம் அதனை வரையறுக்கும். கேட்போர் பலராயின் மிகுதியாகக் கொடுப்பவரே பெறுவர். இப்பிரிவு வேளாண் நிலத்துக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

உரிமையுடையார் தொகையும் விரிந்தது. தமிழ்நாடு 1989இல் மகளிர்க்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கிற்று; 2005ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தியா முழுமைக்கும் அதனை வழங்கியது; 2005இல் தந்தை உயிருடன் இருத்தல் இன்றியமையாததன்று என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைக என்னும் தேசவழமைக் கொள்கை இங்கு நில்லாது.

ஆயினும் 22ஆம் பிரிவில் ஒன்று இல்லை. முதன்மை உரிமை உண்டு என்று கூறும் அப்பிரிவு, விற்கக் கருதுவோர் மற்றையோர்க்கு எவ்வாறு, எத்துணை நாள் முன்னர் அறிவித்தல் வேண்டும் என்று கூறவில்லை. அறியாதவன் கேட்பது எங்ஙனம்? பதிவு முடிந்தபின் செய்தி அறிந்து நீதிமன்றம் செல்லுதல் ஒன்றே அவனுக்கு எஞ்சும் வழி. அங்கு அவன் எதிர்கொள்வது பெரும்பாலும் உடன்பிறந்தானை மட்டும் அன்று, பணம் கொடுத்து வாங்கிய அயலான் ஒருவனையும் ஆகும். ஒரு சொல்லால் முடிந்திருக்கக்கூடியது மூவர் வழக்காய் நீள்கின்றது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில செய்திகள் பெறப்படும். தேசவழமையின் முற்கொள்வனவு உரிமை, இசுலாமியச் சட்டத்தினின்றோ ஒல்லாந்த வழக்கினின்றோ பெறப்பட்டது என்பதைக் காட்டிலும், தென்னாட்டில் பரவியிருந்த அறியச்செய்து விற்கும் நெறியின் கிளை எனக் கொள்ளுதலே ஏற்புடைத்து. அறிவித்தல் வரலாற்றில் மூன்று வடிவங்களைப் பெற்றது. தொலைவால் அளக்கப்பட்ட காலம் முதலாவது. மூன்று ஞாயிறு எழுந்த பொதுக்குரல் இரண்டாவது. எழுத்துமூல உறுதியும் அதனைச் சார்ந்த அறிவித்தலும் மூன்றாவது. ஒவ்வொரு மாற்றத்திலும் விற்பனையின் உறுதிப்பாடு வளர்ந்தது. தொலைவில் உள்ளவனுக்குத் தரப்பட்ட இடமோ சுருங்கியது.

இன்று ஒரு செய்தி கடல் கடந்து சேர ஓராண்டு வேண்டுவதில்லை. ஒரு நொடி போதும். ஆகவே பழைய காலவரையை அப்படியே மீட்டல் வேண்டும் எனக் கூறுவார் இலர். ஆனால் காலம் சுருங்கியமையால் கடமையும் சுருங்கிவிட்டது எனல் பிழை. முன்னர்த் தொலைவு ஒரு காரணமாக நின்றது. இன்று அக்காரணமும் இல்லை என்பதால் சொல்லாமையின் குற்றம் மிகுகின்றதே அன்றிக் குறைவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவுக்கு ஒரு திருத்தம் கருதப்படுமாயின், எழுத்துமூல முன்னறிவித்தலும் அதற்கொரு கால எல்லையும் சேர்க்கப்படல் தகும். அதற்குரிய முன்மாதிரி தமிழர் வழக்கிலேயே 1707இல் எழுத்தில் உள்ளது.

காணியின் விலையை நான்காகப் பகுத்தல் கணக்கறிந்தார் எவர்க்கும் இயலும். மறைந்தவரின் மக்கள் நால்வரும் அவ்விற்பனைக்குப் பின்னும் உடன்பிறந்தாராய் நிற்றற்குரிய வழியைக் கணக்குக் காட்டாது. அதனைத் தேசவழமை ஒரு சிறு விதியில் அடக்கிற்று: விற்பதற்கு முன் சொல், தொலைவில் இருப்பவனுக்கும் சொல், அவன் விடை வரும்வரை பொறு.